பிக்கப் ட்ரக்குக்கு ஒரு மர லாச்சி: அளவு, பாரம், நிறுத்தும் இடம்



இந்த வாரப் பொட்காஸ்டில் ட்ரக்கின் பின்பக்கத்துக்கு மரத்தில் லாச்சி செய்வது பற்றிக் கதைத்தோம். காதால் கேட்ட எண்களை மனதில் வைத்திருக்க ஏலாது. அதனால் அளவுகளையும் கணக்கையும் இங்கே முழுசாக எழுதுகிறேன். பக்கத்தில் ஒரு பென்சிலும் தாளும் இருந்தால் நல்லது.

முதலில் ஒரு சொல். டிராயரை எங்கள் வீட்டில் 'லாச்சி' என்றுதான் சொல்லுவோம். யாழ்ப்பாணத்துப் பெற்றோர் உள்ள வீடுகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். டச்சுக்காரர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்களில் இதுவும் ஒன்று. சிங்களத்திலும் அது 'லாச்சுவ'தான். எனவே இந்தக் கட்டுரை முழுக்க லாச்சிதான். ட்ரக்கின் பின்புறத் திறந்த தொட்டியை எல்லாரும் சொல்வதுபோல 'பெட்' என்றே எழுதுகிறேன்.

யாருக்காகச் செய்கிறோம்?

அப்பா ஸ்காபரோவில் டைல் பதிக்கிறவர். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக முழங்காலில் நின்று செய்கிற வேலை. அவருடைய ட்ரக் ஐந்தரை அடி பெட் உள்ள ஃபோர்ட் எஃப்-150. ஓடும்போது சாமான்கள் எல்லாம் முன்னுக்கு, கேபின் பக்கமாகச் சறுக்கிப் போய்விடும். ஒரு சாந்தகப்பை எடுக்கவும் அவர் டெயில்கேட்டில் ஏறி, அந்த வரிவரியான உலோகத் தரையில் முழங்காலில் ஊர்ந்துதான் போகவேண்டும். ஒரு நாள் அவரோடு வேலைத்தளத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே ஒன்பது தடவை ஏறி இறங்கிவிட்டார்.

டொக்டர் ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் பதில்: "வேலையை விடச் சொல்லாத வரைக்கும் நான் கேக்கிறன்." இன்னும் ஐந்து வருடம் வேலை செய்யவேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்த ஐந்து வருடத்துக்கு முழங்கால் தாங்கவேண்டும் என்பது என்னுடைய கணக்கு.

ஆகவே, அளவுநாடாவை ட்ரக்கில் வைப்பதற்கு முன் ஆளைப் பாருங்கள். அரை நாள் பக்கத்தில் நின்று மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். எதை அடிக்கடி எடுக்கிறார்? எது பாரம்? எந்த உயரத்தில் தூக்கும்போது முகம் சுளிக்கிறார்? என் தாளில் விழுந்த பதில்கள் இவை: சாந்தகப்பைகள், கிரைண்டர், ஸ்பேசர் பெட்டிகள், முழங்கால் பட்டை ஆகியவை அடிக்கடி வேணும். பாரமானது 50 இறாத்தல் தின்செற் பைகள். நெஞ்சுக்கு மேலே தூக்குவதுதான் அவருக்குக் கஷ்டம்.

மூன்றாவது பதில்தான் வடிவத்தையே தீர்மானித்தது. பைகளை லாச்சிக் கூட்டின் மேல்தட்டில் அடுக்குவது வசதிபோலத் தெரியும். ஆனால் பெட்டின் தரையே இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு அடி என்றால் பை நெஞ்சுக்குப் போய்விடும். அதனால் இடது பக்கம் ஆயுதங்களுக்கு ஒரு லாச்சி. வலது பக்கம் பைகளுக்கு, பெட்டின் தரையோடு ஒட்டி வெளியே வருகிற ஒரு தட்டு. மேல்தட்டில் நீர்மட்டம், வாளி, அட்டைப்பெட்டி மாதிரி இலேசான சாமான்கள் மட்டும்.

ட்ரக் எவ்வளவு தாங்கும்?

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்துகிற தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இந்த எடையைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ஒரே மொடல் ட்ரக் இரண்டில்கூட இந்த எண் வித்தியாசப்படலாம். விளம்பரத்தில் சொல்லுகிற எண்ணை எடுக்காதீர்கள். உங்கள் கதவில் உள்ளதை எடுங்கள்.

உதாரணத்துக்கு ஸ்டிக்கரில் 1,500 இறாத்தல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஏறினால் 350. முக்கால் அங்குல பிளைவுட் ஒரு முழுத் தாள், மரத்தைப் பொறுத்து 60 முதல் 75 இறாத்தல் வரும். அரை அங்குலத் தாள் 45 அளவில். முக்காலில் மூன்று தாளும் அரையில் இரண்டு தாளும் வாங்கினால், வெட்டிய துண்டுகள் போகக் கிட்டத்தட்ட 250 இறாத்தல் ட்ரக்கில் நிரந்தரமாக ஏறுகிறது. ஆயுதங்கள் 300. மிச்சம் 600. அதாவது 50 இறாத்தல் பை 12, அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கணக்கைச் செய்து பார்த்தால்தான் மரத்தின் தடிப்பை யோசிக்க மனம் வரும். "பலமா இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் முக்காலில் செய்தால், ஒவ்வொரு நாளும் ஒரு பை குறைவாக ஏற்றவேண்டி வரும். லாச்சியின் அடிப்பலகைக்கும் கூட்டின் பின்பலகைக்கும் அரை அங்குலம் போதும்.

பெட்டை அளப்பது

பெட் ஒரு சரியான பெட்டி கிடையாது. இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேலே ஒரு மேடு உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். சுவர்கள் நேராக நிற்காது. ஆகவே அகலத்தை மூன்று இடத்தில் அளவுங்கள்: கேபின் பக்கம், மேடுகளுக்கு நடுவே, டெயில்கேட் பக்கம். மிகச் சிறிய எண்தான் உங்கள் எண்.

எஃப்-150இல் மேடுகளுக்கு இடையே 50.6 அங்குலம். ஐந்தரை அடி பெட்டின் உள்நீளம் 67.1 அங்குலம், ஆழம் 21.4. பிளைவுட் தாள் 48க்கு 96 அங்குலம். முழு அளவு ட்ரக்குகளின் மேடுகளுக்கு நடுவில் 48 அங்குலத் தாள் தட்டையாகப் படுக்கும். எனவே கூட்டின் அகலத்தை 48 என்று எடுத்தால் தாளின் அகலத்தை வெட்டவே தேவையில்லை. பக்கத்துக்கு 1.3 அங்குலம் மிஞ்சும்.

நீளத்துக்கு 64 எடுத்தேன். மிச்சம் 3 அங்குலம் கைபிடிக்கும் பூட்டுக்கும். டெயில்கேட்டை மூடும்போது கைபிடி இடிக்கக் கூடாது அல்லவா? உயரம் 12. மேலும் கீழும் முக்கால் முக்கால் போனால் உள்ளே 10.5 அங்குலம் கிடைக்கும்.

இனி அகலத்தைப் பிரிப்போம். நிற்கிற பலகைகள் மூன்று: இரண்டு பக்கம், ஒரு நடு. மூன்றும் முக்கால் என்றால் 2.25 அங்குலம். 48இல் அதைக் கழித்தால் 45.75. இரண்டாகப் பிரித்தால் ஒரு அறைக்கு 22.875.

ஆனால் கடையில் 'முக்கால்' என்று விற்கிற பிளைவுட் பல நேரம் உண்மையில் முக்கால் இல்லை. 32இல் 23 பங்கு, அதாவது 0.719 அங்குலம்தான் இருக்கும். மூன்று பலகைக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 2.4 மில்லிமீட்டர் வித்தியாசம். கதிரை செய்தால் யாருக்கும் தெரியாது. லாச்சி செய்தால் ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் ஆடும். அதனால் தாளை வாங்கி, தடிப்பை அளந்து, அதன் பிறகுதான் வெட்டும் அளவு எழுதவேண்டும். கூடு முதலில்; லாச்சி கூட்டின் அறையை நேரே அளந்த பிறகு.

கூடு

பிளைவுட்டில் மென்தாள்கள் ஒன்றுக்கு ஒன்று குறுக்காக, 90 பாகையில் ஒட்டப்பட்டிருக்கும். மரம் ஈரத்தில் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். ஒரு தாள் விரியப் பார்க்க அடுத்த தாள் பிடித்து வைக்கும். அதனால்தான் குளிரும் ஈரமும் மாறிமாறி வருகிற ஊரில் பிளைவுட் பெரிதாக வளையாமல் நிற்கிறது. எம்.டி.எஃப். மலிவுதான், ஆனால் தண்ணீர் பட்டால் பாண் மாதிரி ஊதிவிடும். ட்ரக்குக்கு வேண்டாம்.

நிற்கிற பலகைகள் உட்காருகிற இடத்தில், மேல்பலகையிலும் கீழ்ப்பலகையிலும் கால் அங்குல ஆழத்துக்கு ஒரு காடி வெட்டுங்கள். அந்த அரை அங்குலத்தை நிற்கிற பலகையின் உயரத்தில் கூட்ட மறக்கவேண்டாம். காடிக்குள் பசை, வெளியிலிருந்து திருகாணி. பலகை காடிக்குள் இருந்தால் பக்கவாட்டு அடி மரத்தில் விழும். திருகாணி தனியாகத் தாங்கவேண்டியதில்லை.

பசை காய்வதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். இரண்டும் சமம் என்றால் கூடு சதுரமாக இருக்கிறது. சமம் இல்லையென்றால் நீளமான மூலையைப் பிடித்து மெல்ல அமுக்குங்கள். பிறகு பின்பலகையை வைத்துத் திருகுங்கள். முன்பக்கம் திறந்த பெட்டி எப்போதும் சாய்சதுரமாகச் சரியப் பார்க்கும். அதைத் தடுக்கிறது பின்பலகைதான். அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

எப்படிச் சறுக்கும்?

மூன்று வழி உண்டு. முதலாவது, கடையில் விற்கிற பாரத் தண்டவாளம். சுகமாக ஓடும், பூட்டும் சேர்ந்து வரும். ஆனால் ஐந்து அடி நீளத்தில் பாரம் தாங்கக் கூடியது விலை கூட. சிமெந்துத் தூசி உள்ளே போனால் அரைக்கத் தொடங்கும்.

இரண்டாவது, மரத்தின் அடியில் யூ.எச்.எம்.டபிள்யூ. என்கிற வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை. மலிவு, தூசிக்குப் பயமில்லை. 150 இறாத்தல் லாச்சியை மரத்தின் மேல் மரமாக இழுத்தால் தோராயமாக 60 இறாத்தல் இழுவை வேணும். இந்தப் பட்டை போட்டால் அது 20, 25க்கு இறங்கும்.

மூன்றாவதுதான் நான் எடுத்தது: ஸ்கேட்போர்ட் பேரிங். 608 என்ற எண் உள்ளது. வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர், அகலம் 7, நடுத்துளை 8. பதினாறில் ஐந்து அங்குல போல்ட் அந்தத் துளைக்குள் சரியாகப் போகும். உங்களில் பாதிப் பேர் வீட்டுப் பேஸ்மென்டில் ஒரு பழைய ஸ்கேட்போர்ட் கிடக்கும் என்று நினைக்கிறேன். கூட்டின் முன் விளிம்பில் லாச்சிக்கு நாலு பேரிங், லாச்சியின் பின்முனையில் பக்கத்துக்கு ஒன்று. பேரிங் குறுகலானது, பிளைவுட்டில் தடம் பதிக்கும். அது உருளுகிற இடம் முழுக்க ஒரு அலுமினியப் பட்டையை ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் எட்டில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, லாச்சியின் அகலத்தை 22.625 ஆக வைத்தேன்.

எங்கே நிறுத்துவது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

லாச்சியின் நீளம் 60 அங்குலம். உள்ளே 150 இறாத்தல் சமமாகப் பரவியிருக்கிறது என்று வைப்போம். பாரத்தின் நடு, முன்முனையிலிருந்து 30 அங்குலத்தில். இப்போது வெளியே இழுங்கள். 30 அங்குலம் வரும்வரை நடு கூட்டுக்குள்ளேதான் இருக்கும்; ஒரு பிரச்சினையும் இல்லை. 30ஐத் தாண்டியதும் அது முன் விளிம்பைக் கடந்துவிடும். சீசோ பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கீழே போகப் பார்க்கும். பின்முனை மேலே எழும்பிக் கூட்டின் மேல்பலகையை உள்ளிருந்து தள்ளும்.

எவ்வளவு தள்ளும்? 40 அங்குலம் இழுத்தால் பாரத்தின் நடு விளிம்புக்கு வெளியே 10 அங்குலம். உள்ளே மிச்சம் 20 அங்குலம். 150 பெருக்கல் 10, வகுத்தல் 20. விடை 75 இறாத்தல். முன் விளிம்பு தாங்குவது 150உம் 75உம் சேர்த்து 225.

45 இழுத்தால்? வெளியே 15, உள்ளே 15. பின்முனை 150 இறாத்தலால் தள்ளும். ஐந்தே ஐந்து அங்குலம் கூட இழுத்ததற்கு விசை இரண்டு மடங்கு! 50 இழுத்தால் வெளியே 20, உள்ளே 10. பின்முனை 300, விளிம்பில் 450.

"முழுசா வெளிய வந்தா நல்லம்தானே?" என்று அப்பா கேட்டார். இந்த நாலு வரிக் கணக்கைச் சிமெந்துப் பையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப நாப்பதில நிப்பாட்டு" என்றார். 40இல் நிறுத்தக் கூட்டின் மேல்பலகைக்கு அடியில் ஒரு மரக்கட்டை. லாச்சியின் பின்பலகை அதில் வந்து முட்டும். பைகள் வைக்கிற தட்டுக்கு அந்தக் கட்டை 30இல். தட்டு அரைவாசிதான் வரும். ஆனால் பெட்டின் பாதியிலிருந்து டெயில்கேட் வரைக்கும் பை தானாக வந்துவிடுகிறது. மிச்சத்தை நின்றபடியே எட்டி இழுக்கலாம்.

மேல்பலகையைச் சும்மா மேலே வைத்துவிடாமல் பசையும் திருகாணியும் போடவேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். அதை உள்ளிருந்து ஒருவர் 75 இறாத்தலால் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

கட்டி வைப்பது

வட அமெரிக்காவில் பெரிய வர்த்தக வாகனங்களுக்கான சரக்குக் கட்டும் விதி ஒரு நல்ல அளவுகோல்: முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 0.8 மடங்கு விசையையும், பின்பக்கமும் பக்கவாட்டிலும் 0.5 மடங்கையும் கட்டு தாங்கவேண்டும். எங்கள் ட்ரக் அந்த வகைக்குள் வராவிட்டாலும் பௌதிகம் ஒன்றுதான்.

கூடும் ஆயுதங்களும் 550 இறாத்தல். திடீர் பிரேக்கில் முன்பக்கம் 440. இதைப் பெட்டின் முன்சுவர் தாங்கும், ஆனால் கூடு சுவரோடு ஒட்டியிருந்தால் மட்டும். நடுவில் இடைவெளி விட்டால் கூடு ஓடிப்போய் இடிக்கும். இடைவெளி இருந்தால் மரக்கட்டை வைத்து இறுக்குங்கள். பக்கவாட்டில் 275. அதற்குப் பெட்டின் நாலு மூலையிலும் உள்ள கொக்கிகளிலிருந்து டர்ன்பக்கிள் போட்டு இறுக்கலாம்.

பெட்டில் துளை போடாமல் இருப்பது நல்லது. அடியில் எரிபொருள் தாங்கியும் பிரேக் குழாயும் வயர்களும் ஓடுகின்றன. அதோடு 2015 மொடலிலிருந்து எஃப்-150இன் உடல் அலுமினியம். அலுமினியமும் இரும்பு போல்ட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒன்டாரியோ வீதி உப்புத் தண்ணீர் பட்டால், அந்த இடமே ஒரு சின்ன பற்றரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும்.

லாச்சிக்கும் தட்டுக்கும் தனித்தனிப் பூட்டு வேணும். பேரிங்கில் ஓடுகிற லாச்சி சும்மா நிற்காது. ஒரு ஏற்றத்தில் ட்ரக்கை எடுத்தாலே பின்னுக்கு வந்து டெயில்கேட்டில் மோதும். 150 இறாத்தல் லாச்சிக்குப் பூட்டு தாங்கவேண்டியது குறைந்தது 75. தட்டில் பை ஏறும்போது அந்த எண்ணும் ஏறும். அலுமாரிக்குப் போடுகிற காந்தப் பூட்டு இதற்குக் காணாது. இரும்புத் தாழ்ப்பாள் போடுங்கள்.

உப்பும் ஈரமும்

பிளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தால் இல்லை, வெட்டிய விளிம்பால். அதனால் பூட்டுவதற்கு முன்னமே எல்லா விளிம்புக்கும் வெளிப்புற வார்னிஷ் மூன்று தடவை பூசுங்கள். திருகாணித் துளைக்குள்ளும் ஒரு துளி. பெட்டின் தரையில் உள்ள வரிகளுக்கு ஊடாகத்தான் தண்ணீர் ஓடிப்போகும். ரப்பர் பாய் போட்டு அதை அடைக்காதீர்கள். வடிகால் துளைகள் திறந்திருக்கட்டும். வசந்தத்தில் ஒரு தடவை கூட்டை இறக்கி, அடியில் சேர்ந்த உப்பைக் கழுவுங்கள். துளை போடாமல் கொக்கியில் கட்டியதன் பலன் அப்போது தெரியும்: நாலு டர்ன்பக்கிளைக் கழற்றினால் இரண்டு பேர் இறக்கிவிடலாம்.

வீட்டுக்கணக்கு

அதே 60 அங்குல லாச்சி, அதே 150 இறாத்தல், அதே 40 அங்குல நிறுத்தம். இப்போது சாமானைச் சமமாகப் பரப்பாமல், 100 இறாத்தலைப் பின்முனையிலிருந்து 15 அங்குலத்திலும், 50 இறாத்தலை முன்முனையிலிருந்து 15 அங்குலத்திலும் வையுங்கள். மேல்பலகையைத் தள்ளும் விசை எவ்வளவு?

கொஞ்சம் போட்டுப் பாருங்கள். பிறகு கீழே வாருங்கள்.

பாரத்தின் நடு முன்முனையிலிருந்து 35 அங்குலத்துக்குப் போகிறது. 40 இழுத்தால் வெளியே 5 அங்குலம்தான். 150 பெருக்கல் 5, வகுத்தல் 20: 37.5 இறாத்தல். முந்தியதில் சரி பாதி. மரம் ஒன்றும் மாறவில்லை, திருகாணி ஒன்றும் கூடவில்லை; பாரமானதைப் பின்னுக்கும் அடிக்கடி எடுப்பதை முன்னுக்கும் வைத்தது மட்டும்தான். லாச்சிக்குள் எதை எங்கே வைப்பது என்பதும் வடிவமைப்பில் ஒரு பகுதி.

உங்கள் வீட்டிலும் ட்ரக்கோ வானோ வைத்து வேலை செய்கிற அப்பா, மாமா, அக்கா யாராவது இருந்தால், இந்தச் சனிக்கிழமை மரம் வாங்கப் போகவேண்டாம். அவர்களோடு அரை நாள் நின்று, எத்தனை தடவை ஏறி இறங்குகிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். அந்த எண்ணையும், கதவு ஸ்டிக்கரில் உள்ள எண்ணையும், பெட்டின் மூன்று அகலங்களையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவில் உங்களில் ஒருவருடைய அளவை எடுத்து, வெட்டும் பட்டியலைச் சேர்ந்தே போடுவோம்.